பயற்றில் தெரியும் ஓட்டை

நீலசந்திராவில் நம்மவர் பலர் வீட்டுக்கு ஊரிலிருந்து தட்டைப்பயறும் பச்சைப்பயறும் மூட்டையாக வருவதுண்டு. ஒரு மாதத்தில் ஓட்டை விழுந்தால் டப்பாவைக் குறை சொல்வோம். ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விரிசல் எந்தப் பக்கம் தொடங்கியது என்று பார்த்தே பழகியவன். அந்த ஓட்டை வண்டு வெளியே வந்த வழி!

பயறு வண்டு வயலிலேயே நெற்றின்மேல் முட்டையிடுகிறது. புழு விதைக்குள் புகுந்து தின்று வளர்கிறது. வெளிவந்த வண்டு பயற்றைத் தின்பதில்லை. சுமார் 10 நாள் வாழ்ந்து, பயற்றின்மேல் வெள்ளைப் புள்ளிகளாக முட்டையிட்டு மடிகிறது. ஆகவே வண்டை மட்டும் புடைத்துத் தள்ளினால் போதாது. உடைத்த பருப்பில் தொல்லை குறைவு. முழுப்பயறானால் ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் 4 நாள் வையுங்கள். முட்டையும் புழுவும் சாகும். ஆனி, ஆடி மேகமூட்டத்தில் பெங்களூர் வெயிலை நம்ப முடியாது.

சிலர் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைத் துணியில் முடிந்து மூட்டைக்குள் போடுகிறார்கள். ஈரக்காற்று பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற நச்சுவாயு கிளம்பும். கிடங்குகளில் பயிற்சி பெற்றவர்கள் கையாளும் பொருள் அது. ஜன்னல் சாத்திய சிறிய வீட்டில் உறங்குகிறவர்களையே கொன்றுவிடும். தெரிந்தவர் இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.