சார், ஒரு டவுட்டு

சங்கரன்கோவிலில் தெருவுக்குத் தெரு தறிச்சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே, ஒரு மாடி அறையில் சாயங்காலம் ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். அங்கே நான் அதிகம் கேட்கும் ஆங்கிலச் சொல் 'டவுட்'. போன வாரம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்றான்.

"சார், ஒரு டவுட்டு."

"கேளுல."

"தென்காசி தனி மாவட்டமானது எந்த வருசம்?"

2019 என்றேன், அவனும் எழுதிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் கேட்டதில் டவுட் எங்கே இருக்கிறது? அவனுக்கு விடை தெரியவில்லை, கேட்டான், அவ்வளவுதான். இந்தச் சொல்லைப் பற்றி நம்மிடம் உலவும் சில நம்பிக்கைகள், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைக்கூட தப்பான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த வாரம் இதையே எடுத்துக்கொண்டேன்.

நம்பிக்கை: டவுட் என்றால் சந்தேகம். இரண்டும் ஒன்றுதான்.

எல்லாக் குழப்பத்துக்கும் தாய் இதுதான். தமிழில் 'சந்தேகம்' மூன்று வேலை பார்க்கிறது. தெரியாததைக் கேட்பதும் சந்தேகம்: "வாத்தியார்ட்ட சந்தேகம் கேட்டேன்." நம்பிக்கை வராததும் சந்தேகம்: "இந்த மழையில பஸ்ஸு வருமாங்கிறதே சந்தேகம்." ஒருவன் மேல் ஐயப்படுவதும் சந்தேகம்: "அவன் மேலதான் எனக்குச் சந்தேகம்." ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் மூன்று சொற்கள் இருக்கின்றன. முதலாவது 'கொஸ்டின்', இரண்டாவது 'டவுட்', மூன்றாவது 'சஸ்பிஷன்'. அதன் வினைச்சொல் 'சஸ்பெக்ட்'. மூன்று இடத்திலும் டவுட்டைப் போடுவது நம் பழக்கம். அதில் ஓர் இடத்தில்தான் சரியாக விழுகிறது.

ஏதாவது ஒரு நாள் செய்தித்தாளை எடுத்துப் பாருங்கள். ஒரு மூலையில் 'சந்தேகத்தின் பேரில் ஒருவர் கைது' என்று இருக்கும். அதே பக்கத்தில் இன்னொரு மூலையில் 'சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை' என்று இருக்கும். பிடித்து உள்ளே வைத்ததும் சந்தேகம், திறந்து வெளியே விட்டதும் சந்தேகம். முதல் செய்தியில் இருப்பது சஸ்பிஷன்: 'இவன்தான் செய்திருப்பான்' என்ற எண்ணம். இரண்டாவதில் இருப்பது டவுட்: 'இவன்தான் செய்தான் என்று நம்ப முடியவில்லை' என்ற எண்ணம். எதிரெதிர்த் திசையில் போகிற இரண்டு எண்ணங்களுக்கு நாம் ஒரே பெயர் வைத்திருக்கிறோம்.

நீதிமன்றத்துக்கு இந்த வேறுபாடு உயிர்போகிற விஷயம். 1872-இல் வந்த இந்தியச் சாட்சியச் சட்டம், ஒரு சங்கதியை மெய்ப்பிக்கப்பட்டது, பொய்ப்பிக்கப்பட்டது, மெய்ப்பிக்கப்படாதது என்று மூன்றாகப் பிரித்தது. அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய சாட்சியச் சட்டத்திலும் அந்தப் பிரிவினை இருக்கிறது. ஒருவர் மேல் எவ்வளவு பலமான சஸ்பிஷன் இருந்தாலும் அது சான்றுக்கு ஈடாகாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. தமிழில் அதை அப்படியே சொல்லிப் பாருங்கள். 'எவ்வளவு சந்தேகம் இருந்தாலும், சந்தேகத்தின் பலன் அவருக்கே' என்று வரும். கேட்கிறவர் தலையைச் சொறிவார்.

நம்பிக்கை: அர்த்தம் கொஞ்சம் முன்பின் ஆனாலும், கேட்கிறவங்க புரிஞ்சுக்குவாங்க.

நம் ஊருக்குள் புரிந்துகொள்வார்கள். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் ஏதோ கேட்கப் போகிறார் என்று தெரியும். இந்திய ஆங்கிலத்தில் அது நிலைபெற்றுவிட்ட வழக்கு. அதைப் பிழை என்று சொல்லிப் பிள்ளைகளின் தலையில் குட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எல்லையைத் தாண்டும்போதுதான் சிக்கல்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். வெளிநாட்டில் இருக்கிற வடிவமைப்பாளருக்கு, 'உங்கள் டிசைன் பற்றி எனக்குச் சில டவுட்ஸ் இருக்கின்றன' என்று ஆங்கிலத்தில் மெயில் அனுப்பினாள். திரையில் ஒரு பட்டன் வலப்பக்கம் வர வேண்டுமா இடப்பக்கம் வர வேண்டுமா என்று தெரிந்துகொள்வதுதான் அவள் நோக்கம். மறுநாள் வந்த பதில் விறைப்பாக இருந்தது: என் வேலையில் எது உங்களுக்குத் திருப்தியில்லை, தயவுசெய்து விவரமாகச் சொல்லுங்கள். அவளுக்குக் கை நடுங்கிவிட்டது. அந்த ஆள் சொல்லைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். ஒருவர் வேலையைப் பற்றி டவுட்ஸ் இருக்கிறது என்றால், அந்த வேலை தேறுமா என்ற நம்பிக்கை இல்லை என்றுதான் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் காதில் விழும்.

இதைவிடப் பெரிய விபத்து வினைச்சொல்லில் நேரும். 'அவன் பர்ஸை எடுத்திருப்பான்னு சந்தேகப்படுறேன்' என்பதை நம் பிள்ளைகள் 'ஐ டவுட் தட் ஹி டுக் தி பர்ஸ்' என்று எழுதுவார்கள். ஆங்கிலத்தில் இதன் பொருள் 'அவன் எடுத்திருப்பான் என்று நான் நம்பவில்லை' என்பது. குற்றம் சாட்ட வந்தவர் வக்காலத்து வாங்கிவிட்டுப் போகிறார்.

நம்பிக்கை: இது தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கு மட்டும் வர்ற பிழை.

இந்த ஒன்றைக் கேட்கும்போதுதான் எனக்கு மனசு வலிக்கும். எத்தனை பிள்ளைகள் இதனாலேயே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்!

சீன மொழியில் 'ஹுவாய்யீ' என்று ஒரு சொல் உண்டு. டவுட், சஸ்பெக்ட் இரண்டுக்கும் அது ஒன்றுதான். 'அவன் திறமையை ஹுவாய்யீ செய்கிறேன்' என்றால் நம்பவில்லை என்று பொருள். 'அவன் திருடன் என்று ஹுவாய்யீ செய்கிறேன்' என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பதாகப் பொருள். ஆங்கிலம் படிக்கிற சீனப் பிள்ளைகள் நம் பிள்ளைகள் விழுகிற அதே குழியில்தான் விழுகிறார்கள். ஜப்பானியரின் 'உதகாவு'வும் இதே இரட்டை வேலைதான் பார்க்கிறது. முதல் பொருளில், அதாவது டவுட் என்று சொல்லிவிட்டுக் கேள்வி கேட்பதில், நமக்குக் கூட்டாளிகள் ஸ்பானியர்கள். 'எனக்கு ஒரு துதா இருக்கிறது' என்று அவர்களும் சொல்வார்கள். துதா என்றால் ஐயம்.

ஆங்கிலத்துக்குள்ளேயும் இந்த எல்லை என்றைக்கும் இப்படிச் சுத்தமாக இருந்ததில்லை. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் டவுட் 'அஞ்சுகிறேன்', 'அப்படித்தான் என்று எண்ணுகிறேன்' என்ற பொருளிலும் வரும். ஸ்காட்லாந்தில் இன்றும் ஒருவர் 'ஐ டவுட் இட்டில் ரெயின்' என்றால், மழை வரும் என்று அவர் எதிர்பார்க்கிறார் என்று பொருள். லண்டன்காரர் அதையே சொன்னால் மழை வராது என்று பொருள். ஹேம்லெட் நாடகத்தில் நாயகன் ஒஃபீலியாவுக்கு எழுதும் நான்கு வரிகளில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. எல்லா இடத்திலும் ஒரே பொருளில் வரவில்லை. ஷேக்ஸ்பியரிடமே இரண்டு பொருளும் இருந்த சொல்லில் சங்கரன்கோவில் பையன் தடுமாறினால் அவனுக்கு என்ன குறைச்சல்?

நம்பிக்கை: இதைப் பிரிச்சுப் பார்க்கத் தமிழ்ல வழியே இல்ல.

இருக்கிறது. பிள்ளைகளின் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது, நாம்தான் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாகப் பிரித்தார்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. தனக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. இரண்டில் எது என்று மனம் ஊசலாடும்போது கேட்பது ஐய வினா. அந்தி நேரத்தில் வழியில் நெளிவாக ஒன்று கிடக்கிறது, 'கயிறா, பாம்பா?' என்கிறோமே, அது. தென்காசி எப்போது மாவட்டமானது என்பது அறியா வினா. அதற்கு ஆங்கிலத்தில் கொஸ்டின். கயிறா பாம்பா என்ற ஊசலாட்டம்தான் டவுட்.

ஐய வினாவுக்கு நம் ஊரைவிட நல்ல ஊர் கிடைக்காது. சங்கன், பத்மன் என்ற இரண்டு நாகர்கள், சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று வாதாடினார்கள் என்பது தலபுராணம். சங்கனுக்குச் சிவன், பத்மனுக்குத் திருமால். கோமதி அம்மன் தவமிருந்தார். வலப்பாதி சிவனும் இடப்பாதி திருமாலுமாக சங்கரநாராயணர் காட்சி கொடுத்தார். ஆடித்தபசுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வருவது அந்தக் காட்சிக்காகத்தான். வாதாடிய இருவரில் யாருக்கும் டவுட் கிடையாது. அவரவர் கட்சியில் உறுதியாக நின்றார்கள். பக்கத்தில் நின்று கேட்டிருந்தவருக்கு மட்டுமே டவுட் வந்திருக்கும். வகுப்பில் இப்படிச் சொன்னால் பின் பெஞ்சுப் பிள்ளைகள்கூட சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

டவுட்டையும் சஸ்பெக்டையும் பிரிக்கவும் தமிழே கை கொடுக்கிறது. இரண்டு வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

'அவன் எடுத்தான்னு சந்தேகமா இருக்கு.'

'அவன் எடுத்தானான்னு சந்தேகமா இருக்கு.'

இரண்டாவதில் ஓர் 'ஆ' கூடுதலாக இருக்கிறது. அந்த ஆ வினா எழுத்து. அது வந்தால் பேசுகிறவர் நம்பவில்லை, ஊசலாடுகிறார். அங்கே டவுட், பக்கத்தில் பெரும்பாலும் 'வெதர்' அல்லது 'இஃப்'. அந்த ஆ இல்லாமல் 'என்று' மட்டும் இருந்தால் பேசுகிறவர் ஒரு முடிவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டார். அங்கே சஸ்பெக்ட், பக்கத்தில் 'தட்'. டவுட்டுக்குப் பின்னாலும் 'தட்' வரலாம். ஆனால் பொருள் அப்போதும் 'நம்பவில்லை' என்பதுதான். 'எடுத்திருப்பானோ' என்று 'ஓ' வந்தால் மட்டும் நிதானிக்க வேண்டும். பேச்சில் அது பெரும்பாலும் சஸ்பெக்ட் பக்கம் சாயும். ஆள் மேல் சந்தேகம் என்றால் சஸ்பெக்ட். ஆளின் திறமை மேல், பேச்சின் மேல் சந்தேகம் என்றால் டவுட். இருபது வருடமாகச் சொல்லிக்கொடுத்ததில், பிள்ளைகளின் காதில் உட்கார்ந்து மறக்காமல் இருப்பது இந்த 'ஆ' ஒன்றுதான்.

நம்பிக்கை: 'நோ டவுட்' என்றால் நூற்றுக்கு நூறு நிச்சயம்.

தமிழில் 'சந்தேகமே இல்ல' என்பது ஆணியடித்த மாதிரி. ஆங்கிலத்தில் 'நோ டவுட் ஹி வில் கம்' என்றால் 'வருவார்னு நினைக்கிறேன்' என்ற அளவுக்குத்தான் பல நேரம் பலம் இருக்கும். நிச்சயத்தைச் சொல்ல 'வித்தவுட் டவுட்' அல்லது 'தேர் இஸ் நோ டவுட்' வேண்டும்.

நம்பிக்கை: நடுவுல இருக்கிற 'பி' எழுத்தை ஒரு காலத்தில் உச்சரிச்சாங்க, அப்புறம் அது ஊமையாயிடுச்சு.

பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்தச் சொல்லில் பி இல்லை. லத்தீனில் மூலச்சொல் 'துபிதாரே', அதில் பி இருக்கிறது என்று காட்டுவதற்காகப் படித்தவர்கள் பின்னால் எழுத்தில் மட்டும் செருகினார்கள். 'டெட்' என்ற கடனுக்கும் இதே கதிதான். வாயில் வராத எழுத்தை உச்சரித்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் ஒரு வாத்தியாரை, ஹோலோஃபெர்னீஸ் என்ற பெயரில், 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில் ஷேக்ஸ்பியர் படைத்திருக்கிறார். எழுத்தில் பி-யை விட்டுவிடும் பிள்ளைகளுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வேன். மார்க் குறைப்பதைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

சென்னைப் பெண் அன்றைக்கே மறுபடி மெயில் எழுதினாள். 'உங்கள் டிசைனில் இரண்டு கேள்விகள்' என்று தொடங்கி, பட்டனைப் பற்றிக் கேட்டாள். பதில் அரை மணியில் வந்தது, கீழே ஒரு நன்றியும் இருந்தது.

நேற்று அந்த எட்டாம் வகுப்புப் பையன் மறுபடியும் எழுந்தான். வீட்டைப் பற்றிப் பத்து வரி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லியிருந்தேன். "சார், ஒரு டவுட்டு. தறியில நூல் அடிக்கடி அறுந்துபோவுது, பாவுலதான் கோளாறுன்னு அப்பாவுக்குச் சந்தேகம். இந்த இடத்துல டவுட் வருமா, சஸ்பெக்ட் வருமா?"

இந்த முறை அவன் கேட்டது ஐய வினாவேதான். பதில் சொல்லாமல், அப்பா சொன்னதை அப்படியே இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "கோளாறுன்னு... கோளாறான்னு இல்ல, கோளாறுன்னு." நோட்டைப் பார்த்தான். ஏற்கெனவே எழுதியிருந்ததை, பி-யோடு சேர்த்து, ரப்பரால் அழிக்க ஆரம்பித்தான்.