ஸ்டூலில் உட்காரவைத்துப் பிரஷர் பார்க்காதீர்கள்

ரத்த அழுத்த ஆராய்ச்சிக்குக் கோ-ஆர்டினேட்டராகச் சேரப்போகிறீர்களா? சம்பளம் பேசி முடித்த கையோடு நாற்காலியைக் கேளுங்கள். முதுகு சாய்கிற நாற்காலி, கையை நெஞ்சு உயரத்தில் நீட்டி வைக்க ஒரு மேசை, கதவு மூடுகிற அறை. "எல்லாம் இருக்கு சிஸ்டர், நீங்க வாங்க" என்பார்கள். போய்ப் பார்த்தால் ஓ.பி. வராந்தாவில் சுழலும் ஸ்டூல் ஒன்று கிடக்கும்.

மதுரையில் வருடக்கணக்காக ஐ.சி.யு.வில் நின்ற கால்கள் என்னுடையவை. நைட் டியூட்டி வேண்டாம் என்றுதான் இந்தப் பக்கம் வந்தேன். நீங்களும் அதற்காகத்தான் வருவீர்கள். பிள்ளை பத்தாம் வகுப்பு, மாமியாருக்கு முடியவில்லை, வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை. காலை ஒன்பதுக்குப் போய் மாலை ஐந்துக்கு வீடு திரும்பலாம் என்ற நினைப்பு சரிதான். வேலையும் கஷ்டமில்லை. ஆன்லைனில் ஜி.சி.பி. (ஆய்வு நடத்தும் நெறிமுறை) பயிற்சி, எத்திக்ஸ் கமிட்டிக்குக் கோப்பு, சி.டி.ஆர்.ஐ. என்ற தேசிய ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண் (2009 ஜூனிலிருந்து இது இல்லாமல் மருந்து ஆய்வு தொடங்க முடியாது), தமிழில் ஒப்புதல் படிவம், எழுதப்படிக்கத் தெரியாதவர் என்றால் கைநாட்டும் ஒரு சாட்சியும், ரத்தக் குழாய்களைப் பெட்டியில் அடுக்கி அனுப்புவது. இதெல்லாம் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். பக்கத்து அறைக்காரரைக் கேட்டாலே சொல்லிக்கொடுப்பார்.

ஒருவரும் சொல்லித்தராத வேலை பிரஷர் பார்ப்பது. பள்ளிக்கூடப் பையன்கூட மெஷினில் பார்த்துவிடுகிறானே, அதைப் போய்க் கற்க வேண்டுமா என்பார்கள். எங்கள் பெரிய டாக்டரும் அப்படித்தான் நினைத்தார். நகரத்தில் பேர் பெற்ற இதய நோய் நிபுணர். அவர் கைராசியைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஆனால் பிரஷர் பார்ப்பதை அவர் கம்பவுண்டர் வேலையாகத்தான் வைத்திருந்தார். அந்த நினைப்பில்தான் எங்கள் சென்டர் கவிழ்ந்தது.

ஆய்வு இதுதான். இரண்டு மருந்துகளை ஒரே மாத்திரையாகக் கொடுத்தால் பிரஷர் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். சேர்க்கத் தகுதி, மேல் அளவு 140-க்குக் குறையக் கூடாது. ஓ.பி.யில் ஒருவர் 140-ஐத் தாண்டினால் அவரை எங்கள் அறைக்கு அனுப்புவார்கள். நான் மறுபடி பார்ப்பேன். 126 இருக்கும், 132 இருக்கும். "உங்களுக்கு இந்த ஆய்வு இல்லைங்க, வழக்கமான வைத்தியத்தைத் தொடருங்க" என்று அனுப்பிவிடுவேன். வாரம் முழுக்க அனுப்பிவைத்ததில் பாதிப்பேர்கூடத் தேறவில்லை. ஒருநாள் டாக்டர் அறைக்குக் கூப்பிட்டார்.

"அதெப்படி சிஸ்டர், உங்க கையில மட்டும் எல்லாருக்கும் பிரஷர் குறையுது?"

இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு யாரும் தந்ததில்லை. அவர் அதைத் திட்டாகத்தான் சொன்னார். மெஷின் கெட்டுப்போயிற்று என்று சந்தேகப்பட்டு, அதை எடுத்துப்போய்ச் சரிபார்க்கவும் வைத்தார். மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

வித்தியாசம் எங்கே என்றால், என் அறையில் ஆள் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பார். முதுகு சாய்ந்திருக்கும், இரண்டு பாதமும் தரையில் இருக்கும், கால்மேல் கால் கிடையாது, பேச்சு கிடையாது, போன் என் மேசையில். உட்காரும் முன்பே "பாத்ரூம் போகணுமா?" என்று கேட்டுவிடுவேன். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் பிரஷர் ஏறும். வாசலில் டீயும் பீடியும் முடித்துவிட்டு வந்தவர் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். ஓ.பி.யில் இதில் ஒன்றும் நடக்காது. மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் ஸ்டூலில் உட்காரவைத்து, கையைத் தொங்கவிட்டு, "ஊர்ல மழையா?" என்று பேச்சுக் கொடுத்தபடியே பம்பை அழுத்துவார்கள்.

கையைத் தொங்கவிடுவதில் என்ன வந்துவிடப்போகிறது என்பவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ்காரர்கள் 2024-இல் இதை மட்டும் தனியாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். கையை மேசையில் வைக்காமல் மடியில் வைத்தால் மேல் அளவு ஏறத்தாழ 4 கூடுகிறது, பக்கவாட்டில் தொங்கவிட்டால் 6.5 கூடுகிறது. அதற்கு முந்தைய ஆண்டு அதே இடத்தில் கஃப், அதாவது கையில் சுற்றும் பட்டையின், அளவைப் பார்த்தார்கள். மிகப் பெரிய கஃப் தேவைப்படும் பருத்த கையில் சாதாரண கஃப்பைச் சுற்றினால் 19.5 வரை கூடுதலாகக் காட்டுகிறது. இன்னொரு பக்கம், நிஜமாகவே 5 பாயிண்ட் குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை பத்து சதவீதம் குறைகின்றன என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2021 கணக்கு சொல்கிறது. மருந்து குறைக்கிற அளவும் தொங்குகிற கை ஏற்றுகிற அளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்புறம் எதை ஆராய்ச்சி செய்கிறோம்?

கஃப்பை விடுங்கள், நம் ஊரில் அதைவிடப் பெரிய வில்லன் ரவிக்கைக் கை. எந்த வெளிநாட்டு டிரெயினிங் வீடியோவிலும் இது வராது. முழங்கைக்குச் சற்று மேல் வரை இறுக்கித் தைத்த ரவிக்கையோடு அம்மாக்கள் வருவார்கள். சிலர் அதன்மேலேயே கஃப்பைச் சுற்றுவார்கள். சிலர் கையை மேலே சுருட்டி ஏற்றிவிடுவார்கள். சுருட்டிய துணி கயிறு கட்டியதுபோலக் கையை நெரிக்கும், அதற்குக் கீழே எடுக்கிற அளவுக்கு அர்த்தமே இல்லை. நான் திரைச்சீலைக்குப் பின்னால் இரண்டு மூன்று பெரிய அரைக்கை நைட்டிகளைத் துவைத்து மடித்து வைத்திருப்பேன். "அம்மா, ரவிக்கையைக் கழட்டிட்டு இதைப் போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க" என்றால் முதலில் கூச்சப்படுவார்கள், அடுத்த முறை அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அந்த நைட்டிகளைப் பார்த்துச் சிரித்த ஜூனியர் டாக்டர் இப்போது எங்கே எப்படிப் பிரஷர் பார்க்கிறாரோ தெரியாது.

ஒருவழியாக டாக்டர் ஒரு முடிவுக்கு வந்தார். "ஓ.பி.யில பாத்த ரீடிங்கையே முதல் விசிட்டுக்குப் போட்டுடுங்க. எல்லாம் ஒண்ணுதான்." நான் மறுத்தேன். நான் பார்க்காத அளவுக்கு என் கையெழுத்து வராது என்று சொன்னேன். பேசியதையே அன்று மாலை மின்னஞ்சலிலும் அனுப்பி வைத்தேன். மறுவாரம் டெலிகேஷன் லாகில், அதாவது யார் எந்த வேலை செய்யலாம் என்ற பட்டியலில், பிரஷர் பார்க்கும் வேலை என் பெயரிலிருந்து ஜூனியர் பெயருக்குப் போயிற்று. எனக்கு ஃபைல் அடுக்கும் வேலை. "ஒத்துழைக்க மாட்டாங்க" என்று பட்டமும் கிடைத்தது.

அதன்பிறகு ஆள்சேர்ப்பு மளமளவென்று நடந்தது. ஆய்வுக்குச் செலவு செய்யும் ஸ்பான்சரிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. என் நைட்டிகள் அலமாரியில் கிடந்தன.

ஆய்வுப் பதிவுகளைச் சரிபார்க்க ஸ்பான்சர் அனுப்பும் மானிட்டர் வந்தது அப்போதுதான். கண்ணாடி போட்ட சின்னப் பெண், அதிகம் பேசாது. முதல் விசிட் அளவுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனது. 150, 160, 140, 150, 145. ஒரு மணி நேரம் கழித்து, "சிஸ்டர், இது பாதரச மெஷின்தானே?" என்று கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. பாதரசக் கருவியில் கோடுகள் 2, 2-ஆகத்தான் இருக்கும். 145 என்று ஒரு கோடே கிடையாது. ஒழுங்காகப் பார்த்தால் 0, 2, 4, 6, 8 ஐந்தும் ஏறக்குறைய ஒரே அளவில் வர வேண்டும், ஐந்தில் ஒன்றுதான் பூஜ்யத்தில் முடியும். எங்களிடம் அத்தனையும் பூஜ்யம், நடுநடுவே 5. காது கேட்ட இடத்தை எழுதவில்லை, வாய்க்கு வந்ததை எழுதியிருக்கிறார்கள். மனிதக் கை பூஜ்யத்தை நோக்கி ஓடும் என்பது பழைய சங்கதி. அதைத் தடுக்கவே 1970-இல் ஒரு கருவி செய்தார்கள். அதில் பூஜ்யமே ஒவ்வொரு முறையும் இடம் மாறும், பார்த்து முடித்த பிறகுதான் எவ்வளவு கழிக்க வேண்டும் என்று தெரியும். அப்படிப்பட்ட கருவியை எங்கள் ஓ.பி.யில் வைத்திருந்தால் தூக்கி எறிந்திருப்பார்கள்.

எண்கள் பொய்யானதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். திருமங்கலம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்துகொண்டிருந்தார். முன்பு என் அறையில் 128. இறுக்கமான ரவிக்கையோடு வந்தவரை நைட்டிக்கு மாறச் சொல்லிப் பார்த்த அளவு அது. அவரையே மறுபடி கூப்பிட்டு, ஓ.பி. ஸ்டூலில் 150 என்று எழுதி ஆய்வில் சேர்த்துவிட்டார்கள். இரட்டை மருந்து மாத்திரை தன் வேலையைச் செவ்வனே செய்தது. விடியற்காலை பாத்ரூம் போக எழுந்தவர் கண் இருட்டி விழுந்தார், மணிக்கட்டு எலும்பு முறிந்து அட்மிட் ஆனார். அட்மிட் ஆனாலே அது 'கடுமையான பாதிப்பு', 24 மணி நேரத்துக்குள் அரசுக்கும் ஸ்பான்சருக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் தெரிவிக்க வேண்டும். அந்த அறிக்கையை டைப் செய்தது ஃபைல் அடுக்கும் சிஸ்டர்தான். காரணம் என்ற இடத்தில் 'மருந்துடன் தொடர்பு இருக்கலாம்' என்று எழுதச் சொன்னார்கள். என் மின்னஞ்சலும் 128 எழுதிய பழைய தாளும் ஃபைலில் இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருந்தன. அடுத்து வந்த ஆடிட்காரர்கள் அவற்றைத்தான் முதலில் எடுத்தார்கள். ஆள்சேர்ப்பு நின்றது, சில மாதத்தில் சென்டரையே மூடினார்கள். அந்த அம்மாவின் செலவை ஸ்பான்சர் ஏற்றது. ஆனால் அவர் கை பழையபடி மாவு அரைக்கத் தோதாக வந்ததா என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

டாக்டருக்கு நான் முன்பே ஒரு கதை சொல்லிப் பார்த்திருக்கிறேன். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய்க்குள் கம்பியை விட்டு நரம்பைச் சுட்டால் பிரஷர் இறங்கும் என்றார்கள். 2010-இல் வந்த ஆய்வில் மேல் அளவு 30-க்கு மேல் இறங்கியது, உலகமே கொண்டாடியது. 2014-இல் சிம்ப்ளிசிட்டி-3 என்ற ஆய்வில் 535 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்குச் சுட்டார்கள். மற்றவர்களுக்குக் குழாயைப் படம் மட்டும் எடுத்து எழுப்பி அனுப்பினார்கள். சுட்டவர்களுக்கு 14 குறைந்தது, சுடாதவர்களுக்கு 12 குறைந்தது. ஏறியிருக்கிற நேரம் பார்த்து ஆளைப் பிடித்தால், ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த முறை இறங்கும். "சிஸ்டர் நிறைய படிக்கிறீங்க" என்றார் டாக்டர். அவரே மேற்கோள் காட்டும் ஸ்பிரிண்ட் ஆய்வில், அமெரிக்காவில் 9361 பேரைச் சேர்த்து 120-க்குக் கீழ் இறக்கி, 2015-இல் முன்கூட்டியே நிறுத்துகிற அளவுக்கு நல்ல பலன் கண்டார்களே, அதில் ஐந்து நிமிட ஓய்வுக்குப் பிறகு தானியங்கி மெஷின் மூன்று முறை பார்த்தது. ஸ்டூல் 150-ஐ வைத்துக்கொண்டு அவர்களுடைய 120-க்கு ஆசைப்பட்டால் ஆள் விழத்தான் செய்வார்.

இனி சில்லறை விஷயங்கள். "வெறும் வயிற்றோடு வாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். மாத்திரையையும் போடாமல் வந்து நிற்பார்கள். கேட்டால், "நீங்கதானம்மா ஒண்ணும் சாப்பிடாம வரச் சொன்னீங்க" என்பார்கள், தப்பு அவர்கள்மேல் இல்லை. 'தண்ணீரும் பிரஷர் மாத்திரையும் உண்டு' என்று சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொடுங்கள், புரோட்டோகாலில் வேறு மாதிரி இருந்தால் ஒழிய. மிச்ச மாத்திரையை எண்ணும்போது டப்பா சுத்தமாகக் காலியாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், பஸ் ஸ்டாண்டில் கொட்டிவிட்டு வந்திருக்கலாம். அல்லது வீட்டுக்காரருக்கும் ஒன்று கொடுத்திருக்கலாம், அவருக்கும் பிரஷர்தானே. கையின் சுற்றளவை டேப்பால் அளந்து கஃப் போடுங்கள். பெரிய கஃப் இல்லை என்றால் ஸ்பான்சரிடம் வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். மருமகள் கூட வந்தால் அந்த ஐந்து நிமிடம் அவரை வெளியே உட்காரவையுங்கள். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆய்வு முடிகிற அன்று எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "இனிமே இந்த மாத்திரையை யாரும்மா தருவா?" இதற்குப் பதிலைக் கடைசி நாளில் தேடாதீர்கள், சேர்க்கிற நாளிலேயே சொல்லிவிடுங்கள். ஆம்லோடிபின் போன்ற பழைய மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சென்டரை மூடிய வாரம் நான் ஒவ்வொருவருக்கும் அவரவர் சரியான அளவையும், மாத்திரையின் மருந்துப் பெயரை மட்டும் தமிழிலும் சீட்டில் எழுதி, ஜூனியரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தனுப்பினேன். கம்பெனிப் பெயர் எழுதவில்லை. அதற்கும் பெரிய டாக்டரிடம் திட்டு வாங்கினேன், அவர் கிளினிக்குக்குக் கீழே மருந்துக்கடை இருக்கிறது.