நடுக்கத்துக்கு வயசு மட்டும்தான் காரணமா?



உங்கள் வீட்டில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ கை நடுங்குகிறதா? "வயசாயிட்டா அப்படித்தான்" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். ஆனால் நடுக்கம் என்பது காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறிதான். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் எப்போது நடுங்குகிறது என்று கவனியுங்கள். மடியில் சும்மா வைத்திருக்கும் கை நடுங்கி, ஏதாவது எடுக்கப் போகும்போது குறைந்தால் அது பார்க்கின்சன் நோயாக இருக்கலாம். பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கையில்தான் தொடங்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவது போல அசையும். நடை மெதுவாகும். எழுத்து பொடிப்பொடியாகச் சுருங்கும். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளை உண்டாக்கும் நரம்புச் செல்கள் அழிவதால் இப்படி ஆகிறது. 1817-ல் இதை விவரித்து எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனின் பெயரையே நோய்க்கும் வைத்துவிட்டார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை வீரர் முகமது அலி நடுங்கும் கையோடு தீபம் ஏற்றினாரே, அவருக்கு இருந்தது இதுதான்.

எங்க தாத்தாவுக்கு இதற்கு நேர் எதிர். சும்மா இருந்தால் கை நடுங்காது. காபி டம்ளரைத் தூக்கினால் பாதி காபி வேட்டியில்! கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பென்ஷன் தாளைத் திருப்பி அனுப்பினார்கள். தெருவில் சிலர் "பெரியவர் தண்ணி போடுறாரோ" என்றுகூடப் பேசினாங்க. (தாத்தா வெற்றிலைகூடப் போட மாட்டார்.) கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காருவதையே அவர் விட்டுவிட்டார்.

டாக்டர் ஒரு தாளில் சுருள் வட்டம் வரையச் சொன்னார். கோடு அலை அலையாக வந்தது. குடும்பத்தில் வேறு யாருக்கும் இருக்கா என்று கேட்டார். தாத்தாவின் அக்காவுக்கும் உண்டு, அவங்களுக்குத் தலையும் ஆடும். பரம்பரையாக வரக்கூடிய இந்த நடுக்கம்தான் பார்க்கின்சனைவிட அதிகம் பேருக்கு இருக்கிறதாம். மாத்திரையில் ஓரளவு குறைந்திருக்கு, முழுசாகப் போகவில்லை. இப்போது டம்ளரில் பாதிதான் ஊற்றிக் கொடுக்கிறோம்.

தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் விரல்கள் நடுங்கும், கூடவே உடம்பு மெலியும், நெஞ்சு படபடக்கும். சாப்பிடும் மருந்தே காரணமாகவும் இருக்கலாம். மூச்சிரைப்புக்கான சால்பியூட்டமால், வலிப்புக்கான வால்புரோயேட் இரண்டும் நடுக்கம் தரக்கூடியவை. தலைச்சுற்றலுக்கான சின்னரிசைனை வயதானவர்கள் ரொம்ப நாள் சாப்பிட்டால் பார்க்கின்சன் போலவே வரலாம். அதனால் டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். நாமாக எதையும் நிறுத்தக் கூடாது.

திடீரென்று வரும் நடுக்கம் வேறு விஷயம். குளிர்காய்ச்சலோடு உடம்பு தூக்கிப் போட்டால் மலேரியாவோ சிறுநீர்த் தொற்றோ இருக்கலாம். கம்பளியைப் போர்த்திவிட்டுக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர் வியர்த்து நடுங்கினால் ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.