சொல் அறிவோம்: ‘வோன்ற்’

ஆங்கிலத்தில் நாம் நாள்தோறும் வழங்கும் வினைச்சொற்களுள் ‘வோன்ற்’ என்பதும் ஒன்று. ‘வேண்டும்’ என்று பிள்ளைகளுக்குப் பொருள் சொல்லிவிட்டு அப்பாற் சென்றுவிடுகிறோம். ஆயினும் வீட்டுப் பெரியவர்களையும் சிறுவர்களையும் ஒருங்கே இடறச் செய்யும் சொல் இது. ஆகவே இம்முறை இதனை எடுத்துக்கொள்வோம்.

முதலில் அதன் பிறப்பு. 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் ஸ்கண்டிநேவிய மக்கள் குடியேறினர். அவர்களுடைய பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்ததே இச்சொல். அம்மொழியில் ‘இல்லாதிருத்தல், குறைவாயிருத்தல்’ என்பதே அதன் பொருள். ஆங்கிலத்திலும் பல நூற்றாண்டுகள் அப்பொருளே முதன்மை பெற்றிருந்தது. ‘விரும்புதல்’ என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டிலேதான் பரவலாயிற்று. இல்லாததை நாடுவது மனித இயல்பு. சொல்லும் அவ்வழியே நகர்ந்தது.

பழைய பொருள் முற்றாக மறைந்துவிடவில்லை. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளின் 23ஆம் சங்கீதத்தை எமது பிள்ளைகள் பாடசாலையில் கேட்டிருப்பர். அங்கு வரும் ‘வோன்ற்’ ஆசையைக் குறிப்பதன்று, குறைவைக் குறிப்பது. தமிழில் பெயர்த்தோர் ‘தாழ்ச்சி’ என்ற சொல்லைச் சரியாகவே இட்டனர். 1942இல் வில்லியம் பெவரிட்ஜ் பிரித்தானிய அரசுக்கு அளித்த அறிக்கையில், நாட்டை வருத்தும் அரக்கர் ஐவரைக் குறிப்பிட்டார். நோய், அறியாமை, அழுக்குச் சூழல், வேலையின்மை ஆகியவற்றுடன் ‘வோன்ற்’ என்பதும் ஒன்று. அங்கு அதன் பொருள் வறுமை. போருக்குப்பின் இந்நாட்டில் எழுந்த சமூகநலத் திட்டங்களுக்கு அவ்வறிக்கையே வழிகாட்டியாயிற்று.

இனி இன்றைய வழக்கைப் பார்ப்போம்.

முதலாவது, அறிவுரை. காலிலுள்ள புண்ணைப் பார்த்த தாதி, ‘யூ வோன்ற் ரு’ என்று தொடங்கி, அதை டொக்டரிடம் காட்டுவது பற்றிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் விருப்பம் கேட்கவில்லை. ‘காட்டுவது நல்லது’ என்கிறார். எமது அம்மம்மா அதைக் கேள்வியாக எண்ணி, சிரமம் கொடுக்க விரும்பாமல் ‘நோ, நோ’ என்று சொல்லிவிட்டால், வைத்தியம் பிந்திப்போகலாம். கூடச் செல்லும் பிள்ளைகள் இதை விளக்கிச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, மரியாதை. தமிழில் ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்று கேட்பதில் குறையொன்றும் இல்லை. அதையே ஆங்கிலத்தில் ‘ஐ வோன்ற்’ என்று தொடங்கினால், அதட்டிக் கேட்பதுபோல் ஒலிக்கும். ‘ஐ வுட் லைக்’ என்பதும், இறுதியில் ‘பிளீஸ்’ என்பதும் அங்கு பொருந்தும். அதுபோல, பிள்ளைகள் அப்பம்மா பரிமாறும்போது ‘வேண்டாம்’ என்று வெட்டிச் சொல்வதைவிட, ‘போதும் அப்பம்மா’ என்று சொல்லப் பழகுவது நன்று.

மூன்றாவது, தமிழ் பயிலும் பிள்ளைகளுக்குரியது. எமது ‘வேண்டும்’ என்ற சொல் மிக விரிந்தது. தேவை, விருப்பம், கடமை ஆகிய மூன்றையும் அது தாங்குகிறது. சந்நிதியில் நாம் செய்யும் வேண்டுதலும் அதன் அடியிற் பிறந்ததே. ‘வேண்டும் என்றால் வோன்ற்’ என்று மட்டும் கற்ற பிள்ளைக்கு, ‘நீ படிக்க வேண்டும்’ என்பது குழப்பமாகவே இருக்கும். ‘எனக்குப் போக வேண்டும்’ என்பதில் பெரும்பாலும் விருப்பமோ தேவையோ தெரிகிறது. ‘நான் போக வேண்டும்’ என்பதில் கடமை தெரிகிறது. ‘எனக்கு’, ‘நான்’ என்ற வேறுபாட்டைக் காட்டிக் கொடுத்தால் பிள்ளை எளிதில் பிடித்துக்கொள்ளும்.

பயிற்சி: கீழ்வரும் வாக்கியங்களைப் பிள்ளைகள் ஆங்கிலத்திற் சொல்லட்டும். எதற்கு ‘வோன்ற்’ பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று பெற்றோர் கூடியிருந்து பேசுங்கள்.

1. எனக்கு இன்னொரு தோசை வேண்டும்.
2. நாம் ஆறு மணிக்குக் கோயிலில் நிற்க வேண்டும்.
3. மாமாவுக்குக் கண்ணாடி வேண்டும், எழுத்துத் தெரியவில்லை.
4. எல்லோரும் நலமாயிருக்க வேண்டும்.