நிற்கும் இடமும் திரும்பும் பக்கமும்

தூத்துக்குடி

அன்பு மகளுக்கு,

வெளிநாடு போவதா இங்கேயே இருப்பதா என்பது உன் முடிவு. அதில் நான் தலையிடவில்லை. முனைவர் பட்டத்துக்குப் பின் இரண்டு வருஷம் என்று தொடங்குவது இரண்டோடு நிற்பதில்லை, அதை மட்டும் மனத்தில் வை. இதயம் ஏன் இடப்பக்கம் சாய்கிறது என்று எலிக்கருவில் தேடப் போகிறாய். கருவின் கணுவில் குறு இழைகள் சுழன்று திரவத்தை இடப்பக்கம் தள்ளுவதை 1998இல் ஹிரோகாவா குழுவினர் காட்டினார்கள். அந்த இழைகள் வால்பக்கமாகச் சாய்ந்து நிற்பதால்தான் ஓட்டம் ஒரே திசையில் போகிறது. அதாவது தலை எது, வால் எது, முதுகு எது, வயிறு எது என்பது தீர்ந்த பிறகே இடம் வலம் என்ற பேச்சுக்குப் பொருள் வருகிறது. நிற்கும் இடம் முதலில், திரும்பும் பக்கம் பிறகு.

நம் சங்கையே எடுத்துக்கொள். ஆய்வாளர்கள் சுழியின் நுனியை மேலே வைத்துப் பார்ப்பதால், வாய் வலப்பக்கம் விழும் சாதாரணச் சங்கு அவர்களுக்கு வலஞ்சுழி. நாம் நுனியைக் கீழே வைத்துப் பிடிக்கிறோம். அதே சங்கு நமக்கு இடம்புரி. அவர்கள் இடஞ்சுழி என்று குறிக்கும் அபூர்வமே நம் வலம்புரி. இரண்டும் சரிதான், பிடித்த விதம் வேறு. ஆனால் 1914இல் இந்தச் சங்குக்கென்றே ஒரு நூல் எழுதியவர் ஜேம்ஸ் ஹார்னெல். மூச்சடக்கிக் குளித்தது நம் ஆட்கள், வளையலாக அறுத்தது வங்காளம், எழுதிவைத்தது வெள்ளைக்காரர். இப்போது உன் படிப்பும் கப்பலேற வேண்டுமா என்பதுதான் என் ஆற்றாமை.

இதே கேள்வியை இங்கேயே சங்கில் தேடலாமே. சங்குக்கு முதுகெலும்பு ஏது என்பாய். நம் கருவில் இடப்பக்கம் வேலை செய்யும் நோடல் மரபணு, நத்தையிலும் சுழியை ஒட்டிப் பக்கம் மாறி வேலை செய்வதை 2009இல் கிராண்டேயும் படேலும் காட்டிவிட்டார்கள். சங்கு மெதுவாக வளரும், வலம்புரி அகப்படாது என்பது நியாயம். குளத்து நத்தையில் தொடங்கு. அபேயும் குரோடாவும் அதில் ஒரேயொரு மரபணுவை முடக்கி, வலஞ்சுழி இனத்தில் இடஞ்சுழிக் குஞ்சுகளை வரவழைத்தது 2019இல்தான். இங்கே வசதி இல்லை என்பதை மட்டும் ஒப்பமாட்டேன். நம் கடலின் முத்துப் பார்களில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. 1973இல் அழகர்சாமி இதே கரையில் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார். கற்றுக்கொண்டு திரும்பிவிடுவேன் என்கிறாயே, அதுதான் பலமான வாதம். ஆனால் கேள்வி அங்கே இருந்தால் ஆளும் அங்கேதான் இருக்க வேண்டிவரும்.

நத்தையின் சுழியைத் தீர்மானிப்பது குஞ்சின் மரபணு அல்ல, தாயினுடையது என்று 1923இல் ஸ்டர்ட்டெவன்ட் விளக்கினார். உன் அம்மா இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, கவனித்தாயா?

அதிகம் பேசிவிட்டேன், மனத்தில் வைக்காதே. நீ எங்கே போனாலும் நம் வீட்டுப் பெருமைதான். குளிருக்குக் கனமான உடுப்பு எடுத்துக்கொள். பணம் வேண்டுமென்றால் அப்பாவைக் கேட்காதே, என்னைக் கேள். ஆகஸ்ட் 5 திருவிழாவுக்கு மட்டும் எப்படியாவது வந்துவிடு. பனிமய மாதா உன்னைக் காப்பாள்.

உன் பெரியப்பா