குழாய் வளைவில் ஒரு பசுமை இல்லம்

சன்னல்களை மூடி வெயிலில் நிறுத்திய பேருந்தினுள் புழுக்கம் மிகுவதை அறிவீர்கள். பசுமை இல்லமும் அவ்வாறே சூடேறுகிறது. அகச்சிவப்புக் கதிர்களைக் கண்ணாடி வெளியே விடாததே காரணம் எனப் பலர் எண்ணுகின்றனர். 1909இல் அமெரிக்க இயற்பியலறிஞர் ஆர். டபிள்யூ. உட் இதைச் சோதித்தார். ஒரு பெட்டியைக் கண்ணாடியாலும், மற்றொன்றை அகச்சிவப்புக் கதிர்களை எளிதில் கடத்தும் பாறையுப்புத் தகட்டாலும் மூடினார். ஒரு கண்ணாடியின் வழியே வந்த வெயிலை இரண்டின் மீதும் விழச் செய்தார். இரண்டும் ஏறக்குறைய 55° செ. வரை சூடேறின. ஆக, சூடான காற்று வெளியேறாமல் தடுக்கப்படுவதே, அதாவது வெப்பச்சலனத் தடையே, முதன்மைக் காரணம்.

எனவே விலை மிகுந்த கண்ணாடி தேவையில்லை. 1948இல் அமெரிக்காவின் கெண்டகி பல்கலைக்கழகத்தில் எம்மர்ட் என்பவர் பிளாஸ்டிக் தாள் வேய்ந்த பசுமை இல்லத்தை அமைத்தார். இன்று பாலித்தீன் தாளே போதும்.

சட்டத்திற்கு 6 மீட்டர் நீளமுள்ள பி.வி.சி. குழாய்களை அரைவட்டமாக வளைப்போம். πr = 6 எனில் r = 1.9 மீட்டர். அகலம் 3.8 மீட்டர்; நடுவில் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். மீட்டருக்கு ஒரு வளைவாக, தரையில் ஆழ அடித்த இரும்புக் கம்பிகளில் குழாய் முனைகளைச் செருகுக. உச்சியில் நீளவாக்கில் ஒரு குழாயைக் கட்டினால் வளைவுகள் சாயா. புறஊதாக் கதிர்களைத் தாங்கும் தாளையே வாங்குக. சாதாரணத் தாள் வெயிலில் விரைவில் நொறுங்கிவிடும். தாளின் ஓரங்களைப் பள்ளத்தில் புதைத்தால் காற்று அதைத் தூக்காது, வெப்பமும் கசியாது.

இரு முனைகளிலும் கதவு வேண்டும். சமவெளிக் கோடையில் அவற்றை மூடிவைத்தால் செடிகள் வெந்துவிடும். திறந்தவுடன் வெப்பம் தணிவதை வெப்பமானியால் அளந்து பாருங்கள். உட் கண்டது உங்களுக்கும் விளங்கும்.