காற்புள்ளியும் இகரமும்

1990ஆம் ஆண்டில் காங்கேசன்துறை மக்கள் ஊரைவிட்டு அகன்றபின், எம் பழைய மாணவர் பல தேசங்களிற் பரந்து வாழ்வாராயினர். அவர்தம் பெயரும் முகவரியும் விரிதாளிலே தொகுக்கப்பெற்று, சி.எஸ்.வி. என்னும் எழுத்துக் கோப்பாக எம்மிடம் வருகின்றன. அக்கோப்பை இணையத்தளத்தில் ஏற்றி வாசிக்கும் முறையை மாணவர்க்கு ஈண்டு விளக்குவாம்.

ஒருவர்க்கு ஒரு நிரை; கலத்துக்கும் கலத்துக்கும் இடையே ஒரு காற்புள்ளி. இவ்வளவே இலக்கணம் எனக் கருதுவோர், காற்புள்ளி கண்ட இடமெல்லாம் நிரையை வெட்டுவர். அப்பொழுது ‘காங்கேசன்துறை வீதி, தெல்லிப்பழை’ என்னும் ஒரே முகவரி இரண்டாகிவிடும். விரிதாளோ, காற்புள்ளியுடைய கலத்தை இரட்டை மேற்கோட்குறிக்குள் அடைத்தே எழுதுகின்றது. 2005இல் வெளிவந்த ஆர்.எப்.சி. 4180 என்னும் ஆவணமும் இவ்வழக்கையே கூறும். எனவே பி.எச்.பி. மொழியில் எழுதுவோர், இக்குறியை உணர்ந்து வாசிக்கும் ‘எப்கெற்சிஎஸ்வி’ என்னும் செயற்கூறையே கையாளல் வேண்டும்.

எம்மவர்க்கு இதனினும் பெரிய இடர் பாமினி எழுத்துருவால் நேர்வது. அதிலே தமிழெழுத்துக்கள் ஆங்கிலக் குறிகளின் இடங்களில் அமர்ந்துள்ளன. காற்புள்ளியின் இடத்தில் இகரம். அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யின் புள்ளி! சி.எஸ்.வி. கோப்பு எழுத்துருவைச் சுமந்து வருவதில்லை. ஆகவே ‘இளையதம்பி’ என்னும் பெயர் அங்கே காற்புள்ளியுடன் தொடங்கும். வெட்டும் செய்நிரல் அவரை ‘ளையதம்பி’ ஆக்குவதோடு, அவர் முகவரியை ஆண்டின் இடத்துக்கும் தள்ளிவிடும். இவ்வாறு சிதைந்த பெயரைத் தேடுபவர், அவர் பட்டியலில் இல்லையென்றே எண்ணுவர்.

கோப்பு முழுவதையும் முதலிலேயே யூனிகோடாக மாற்றலாமே எனின், அது தகாது. பிரிகுறியாய் நின்ற காற்புள்ளிகளும் இகரங்களாகிவிடும். முதலிற் கலங்களைப் பிரித்து, அதன்பின் பாமினியில் அமைந்த கலங்களை மாத்திரம் மாற்றுக. மின்னஞ்சல் முகவரியைத் தீண்டற்க.

ஜேர்மனியிலிருந்து வரும் கோப்புக்களில் அரைப்புள்ளியே பிரிகுறியாயிருத்தல் பெருவழக்கு. ஆதலால் முதல் நிரையை நோக்கிப் பிரிகுறியைத் துணிதல் நன்று. யூனிகோடுக் கோப்பின் தலைப்பிலே 239, 187, 191 என்னும் மூன்று பைற்றுகள் கண்ணுக்குப் புலனாகாது நிற்பதுமுண்டு. அவற்றை நீக்காவிடின் முதற்கலத்தின் தலைப்புப் பொருந்தாது.

தொலைபேசி எண்ணின் முதற் பூச்சியம் விரிதாளிலேயே உதிர்ந்துவிடும் இயல்பினது. அக்கலங்களை எழுத்து வடிவில் அமைத்தபின்னரே எண்களைப் பதியுமாறு, பட்டியல் அனுப்பும் அன்பர்களை வேண்டுகின்றோம்.